மாத்திரை சாப்பிடும்போது மாதவிலக்கு முடிந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்?

(மகளிர் சுய உதவிக் குழுவினருக்கான நலவாழ்வுக் கூட்டம் ஒன்றில், நமது மின்னிதழின் உள்ளடக்க எழுத்தாளர் பேசியதன் எழுத்து வடிவம். வாசகர்களுக்காகச் சற்றே விரிவாக்கப்பட்டுள்ளது.)

 

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. இதழியல் படித்துவிட்டு, அரசு சேவைகளைப் பற்றி எழுதுகிற வேலையில் இருக்கிறேன். பட்டா மாறுதலுக்கு எங்கே போகணும், இ-சேவை மையத்தில் எந்தச் சான்றிதழுக்கு என்னென்ன ஆவணம் கேட்பாங்க, இப்படித்தான் தினமும் எழுதிக்கிட்டு இருக்கேன். இன்னிக்கு மெனோபாஸ் பற்றிப் பேச வந்ததற்குக் காரணம் எங்கம்மா. அவங்க அனுமதியோடுதான் பேசுகிறேன்.

அம்மாவுக்கு 49 வயதில் மாதவிலக்கு தாறுமாறாக வர ஆரம்பித்தது. இரண்டு மாசத்துக்கு ஒரு தடவை, சில நேரம் மூன்று மாசம் கழித்து. ராத்திரி திடீர்னு உடம்பெல்லாம் கொதிக்கும், புடவை நனையும் அளவுக்கு வியர்க்கும், அப்புறம் குளிரும். தூக்கமே போச்சு. டாக்டர் பரிசோதித்துப் பார்த்து ஹார்மோன் மாத்திரை எழுதிக் கொடுத்தாங்க. இரண்டு மாசத்தில் தூக்கம் திரும்பி வந்தது. ஒரு வருஷம் போனது. ஒரு நாள் அம்மா ரொம்பப் பெருமையாகச் சொன்னாங்க: "எனக்கு இன்னும் நிக்கலைடி. மாசா மாசம் கரெக்டா வருது. சின்ன வயசுல கூட இப்படி வந்ததில்ல."

எங்க பெரியம்மாவுக்கு அப்போது 50 வயது. அவங்களுக்கு அதிக ரத்தப்போக்கு இருந்ததால், 48 வயதிலேயே கர்ப்பப்பைக்குள் ஹார்மோன் காயில் வைத்திருந்தாங்க. பிறகு உடல் வெக்கைக்காக ஈஸ்ட்ரோஜன் ஜெல்லும் தடவ ஆரம்பித்தாங்க. மாதவிலக்கே கிடையாது. அவங்க சொன்னது: "எனக்கெல்லாம் முடிஞ்சு ரெண்டு வருஷமாச்சு."

ஒருத்தருக்கு ரத்தப்போக்கு இருக்கிறது, அதனால் முடியவில்லை என்கிறார். இன்னொருத்தருக்கு இல்லை, அதனால் முடிந்துவிட்டது என்கிறார். இரண்டு பேர் சொன்னதும் சரியாக இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். ஆனால் எதை வைத்துச் சொன்னார்களோ, அது ஆதாரமே இல்லை. ஹார்மோன் சிகிச்சையில் இருக்கும்போது, ரத்தப்போக்கு வருவதும் வராமல் இருப்பதும் மருந்தின் கணக்கு. உடம்பின் கணக்கு அதற்குப் பின்னால் மறைந்திருக்கிறது. இன்று நான் சொல்ல வந்தது இதைத்தான்.

12 மாதக் கணக்கு யாருக்குப் பொருந்தும்?

மெனோபாஸ் என்பதற்கு மருத்துவத்தில் ஒரு எளிய அளவுகோல் இருக்கிறது. தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிலக்கு வராமல் இருந்தால் அது முடிந்துவிட்டது என்று அர்த்தம். பதினோராவது மாதத்தில் ஒரு தடவை வந்துவிட்டால், எண்ணிக்கையை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் இது நடக்கிறது. மேலை நாடுகளில் 51 வயதை ஒட்டி. முன்னே பின்னே இருப்பது சகஜம்.

முடிவதற்கு முன்னால் சில வருடங்கள் ஒரு இடைக்காலம் உண்டு. சினைப்பை ஒரு மாசம் வேலை செய்யும், இரண்டு மாசம் ஓய்வெடுக்கும், திரும்ப ஒரு மாசம் வேலை செய்யும். அம்மாவுக்கு 49 வயதில் நடந்தது அதுதான்.

இந்த 12 மாதக் கணக்கு ஒரு நிபந்தனையோடு வருகிறது. எந்த ஹார்மோன் மருந்தும் எடுக்காத உடம்பாக இருக்க வேண்டும். மாத்திரையோ, ஜெல்லோ, தோலில் ஒட்டும் பேட்ச்சோ, காயிலோ உள்ளே வந்த நாளிலிருந்து காலண்டரில் எண்ணுவதற்கு அர்த்தம் போய்விடுகிறது.

"இது நான் எழுதிக் கொடுத்தது"

அம்மாவைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனேன். "மாசா மாசம் கரெக்டா வருது டாக்டர், இன்னும் நிக்கல போல" என்று அம்மா சொன்னதும் டாக்டர் சிரித்துவிட்டார். "அம்மா, இது உங்க மாதவிலக்கு இல்ல. இது நான் சீட்டுல எழுதிக் கொடுத்தது."

பிறகு அவர் விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன்.

ஹார்மோன் சிகிச்சையில் முக்கியமான மருந்து ஈஸ்ட்ரோஜன். உடல் வெக்கை, வியர்வை, தூக்கமின்மைக்கு நிவாரணம் தருவது இதுதான். ஆனால் ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்தால் கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்துக்கொண்டே போகும். நாளடைவில் அது புற்றுநோயாக மாறும் ஆபத்து உண்டு. அதனால் கர்ப்பப்பை உள்ள பெண்களுக்குப் புரோஜெஸ்டிரோன் வகை மருந்தையும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். அதைக் கொடுப்பதில் இரண்டு முறை இருக்கிறது.

முதல் முறை, சுழற்சி முறை. ஈஸ்ட்ரோஜன் தினமும். புரோஜெஸ்டிரோன் மாதத்தில் 12 முதல் 14 நாள் மட்டும். சில அட்டைகளில் இரண்டு நிறத்தில் மாத்திரை இருப்பதைப் பார்த்திருப்பீங்க, அது இதற்காகத்தான். புரோஜெஸ்டிரோன் நாட்கள் முடிகிற சமயத்தில் உள்சவ்வு உதிர்ந்து ரத்தப்போக்கு வரும். பார்ப்பதற்கு மாதவிலக்கு மாதிரியே இருக்கும். ஆனால் சினைப்பையிலிருந்து முட்டை வந்து, அதனால் வருகிற மாதவிலக்கு அல்ல. சினைப்பை முழுசாக ஓய்ந்துபோன பெண்ணுக்கும் இந்த மாத்திரையைக் கொடுத்தால் ரத்தப்போக்கு வரும். இன்னும் மாதவிலக்கு முழுசாக நிற்காத பெண்களுக்குப் பொதுவாக இந்த முறையைத்தான் தருவாங்க.

இரண்டாவது முறை, தொடர் முறை. இரண்டு மருந்தும் தினமும், இடைவெளி இல்லாமல். உள்சவ்வு வளரவே வாய்ப்பில்லாததால் ரத்தப்போக்கு இருக்காது. தொடங்கிய முதல் சில மாதங்கள், அதிகபட்சம் 6 மாதம் வரை, அங்கங்கே கறை படலாம். அப்புறம் நின்றுவிடும். இதில் ரத்தப்போக்கு நின்றால் அது மருந்தின் வேலை. அதை வைத்து "முடிஞ்சிடுச்சு" என்று சொல்ல முடியாது.

பெரியம்மாவுக்கு நடந்ததும் அதேதான். ஹார்மோன் காயில் கர்ப்பப்பைக்குள் நேரடியாகப் புரோஜெஸ்டிரோன் வகை மருந்தை வெளியிடுகிறது. உள்சவ்வு மெலிந்துபோவதால் பல பெண்களுக்கு மாதவிலக்கே வராது. சினைப்பை உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கலாம்.

இதோடு குழப்பிக்கொள்ளும் வேறு சில

நம்ம ஊரில் இன்னும் சில விஷயங்கள் இந்தக் கணக்கைக் கலைக்கின்றன. வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

அரசு மருத்துவமனைகளில் போடப்படும் அந்தரா கருத்தடை ஊசியால் பலருக்கு மாதவிலக்கு நின்றுபோகும். அது மெனோபாஸ் அல்ல. மாலா-என் போன்ற கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு மாதாமாதம் வருவதும் மாத்திரையால் வருவதுதான்.

கோயில் திருவிழா, கல்யாணம் என்று தள்ளிப்போட மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறோமே, அதை நிறுத்தியதும் வருகிற ரத்தப்போக்கும் மருந்தின் விளைவு. 12 மாதம் எண்ணிக்கொண்டிருக்கும்போது நடுவில் இந்த மாத்திரை சாப்பிட்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்க.

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அது கருக்குழாயை அடைப்பது மட்டுமே. மாதவிலக்கை நிறுத்தாது, மெனோபாஸையும் மாற்றாது. சாதாரண காப்பர்-டி-யிலும் ஹார்மோன் கிடையாது.

கர்ப்பப்பையை எடுத்தவர்களுக்கு ரத்தப்போக்கு என்ற பேச்சே இல்லை. சினைப்பைகளையும் சேர்த்து எடுத்திருந்தால் அன்றைக்கே மெனோபாஸ். சினைப்பைகளை விட்டிருந்தால் அவை தம் காலம் வரை வேலை செய்யும், சிலருக்குக் கொஞ்சம் சீக்கிரமே ஓயும். உங்களுக்கு எதை எடுத்தாங்க என்பது டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும். "கர்ப்பப்பை எடுத்தாச்சு" என்பதோடு நிறுத்தாமல், அந்தத் தாளை ஒரு தடவை எடுத்துப் பாருங்க.

ரத்தப் பரிசோதனை செய்தால் தெரியாதா?

இதைத்தான் நானும் கேட்டேன். லேபில் எஃப்.எஸ்.ஹெச். என்று ஒரு பரிசோதனை இருக்கிறதே, எடுத்துவிட்டால் தெரிந்துவிடுமே?

எஃப்.எஸ்.ஹெச். என்பது மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, சினைப்பைக்கு அனுப்புகிற கட்டளை. சினைப்பை ஒழுங்காக வேலை செய்தால் மெதுவாகச் சொன்னால் போதும். சினைப்பை ஓய்ந்துவிட்டால் பிட்யூட்டரி சத்தம் போட ஆரம்பிக்கும், ரத்தத்தில் எஃப்.எஸ்.ஹெச். அளவு ஏறும். ஈஸ்ட்ரோஜன் மாத்திரை சாப்பிடும்போது, சினைப்பை வேலை செய்கிறது என்று பிட்யூட்டரி ஏமாந்து, குரலைக் குறைத்துக்கொள்ளும். அளவு இறங்கும். அதனால் சிகிச்சைக்கு நடுவில் எடுக்கிற எஃப்.எஸ்.ஹெச். முடிவை நம்ப முடியாது.

மருந்தே எடுக்காதவர்களுக்கும் இடைக்காலத்தில் இது ஏறி இறங்கும். இந்த மாசம் அதிகம், அடுத்த மாசம் சாதாரணம். அதனால்தான் 45 வயது தாண்டி, அறிகுறிகளும் தெளிவாக இருந்தால் இந்தப் பரிசோதனை பொதுவாகத் தேவையில்லை என்று மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. 45 வயதுக்குக் கீழே, குறிப்பாக 40-க்கும் முன்னால் மாதவிலக்கு நின்றால், அது வேறு விஷயம். அவர்களுக்குப் பரிசோதனை அவசியம், அதுவும் மருந்து தொடங்குவதற்கு முன்னால்.

உடல் வெக்கை நின்றால் முடிந்துவிட்டதா?

இல்லை. வெக்கை நின்றது மருந்தால். அது இல்லாததை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

மாத்திரையை விட்டதும் வெக்கை திரும்பி வந்தால், இன்னும் முடியவில்லை என்று அர்த்தமா? அதுவும் இல்லை. மாதவிலக்கு நின்று பல வருடம் ஆன பிறகும் வெக்கையும் வியர்வையும் தொடரலாம். அமெரிக்காவில் நீண்ட காலம் பெண்களைப் பின்தொடர்ந்து நடத்திய ஒரு ஆய்வில், இந்த அறிகுறிகள் பாதிப் பேருக்கு 7 வருடத்துக்கும் மேல் நீடித்தன. ஆகவே வெக்கையும் அளவுகோல் அல்ல.

அப்போ எப்படித்தான் தெரிந்துகொள்வது?

நான்கு வழிகள் இருக்கின்றன. எதுவும் வீட்டிலேயே ஒரு நாளில் முடிவு செய்கிற வழி அல்ல.

ஒன்று, சிகிச்சைக்கு முந்தைய கணக்கு. மருந்து தொடங்குவதற்கு முன்பே 12 மாதம் மாதவிலக்கு இல்லாமல் இருந்திருந்தால், விஷயம் அப்போதே முடிந்துவிட்டது. பிறகு மாத்திரையால் ரத்தப்போக்கு வந்தாலும் அது மாறாது. அதனால் உங்களிடம் இருக்க வேண்டிய மிக முக்கியமான தகவல், மருந்து தொடங்கும் முன் கடைசியாக இயல்பாக வந்த மாதவிலக்கின் தேதி. எங்கம்மாவிடம் டாக்டர் முதலில் கேட்டது இதைத்தான். அம்மாவுக்கு ஞாபகம் இல்லை. "மாரியம்மன் கோயில் கூழ் ஊத்துறதுக்கு முன்னாடி" என்றாங்க. அந்த வருஷம் எப்போது கூழ் ஊற்றினாங்க என்று போனில் பழைய போட்டோவைத் தேடித் தேதியைக் கண்டுபிடித்தோம்.

இரண்டு, வயது. மருந்தால் எண்ண முடியாதபோது மருத்துவர்கள் வயதைத் துணைக்கு அழைக்கிறார்கள். 54 வயதுக்குள் பத்தில் எட்டுப் பெண்களுக்கு மெனோபாஸ் முடிந்திருக்கும் என்பது பிரிட்டனில் வைத்திருக்கும் கணக்கு. 55 வயதானால், ரத்தப்போக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும், இயற்கையாகக் கருத்தரிக்கும் காலம் முடிந்ததாக எடுத்துக்கொள்ளலாம் என்கிறது அங்குள்ள வழிகாட்டுதல். நம்ம ஊரில் சராசரி வயது இதைவிடக் குறைவு.

மூன்று, முறையை மாற்றிப் பார்ப்பது. சுழற்சி முறையில் சில வருடம் இருந்தவர்களை, வயதையும் பழைய குறிப்புகளையும் பார்த்து டாக்டர் தொடர் முறைக்கு மாற்றுவார். மாற்றிய சில மாதங்களில் கறை படுவது நின்றுவிட்டால் உடம்பு அதற்குத் தயாராக இருக்கிறது என்று பொருள். ஒழுங்கில்லாமல் வந்துகொண்டே இருந்தால், காரணம் என்ன என்று பரிசோதிக்க வேண்டும். சினைப்பை இன்னும் விட்டுவிட்டு வேலை செய்வதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நான்கு, டாக்டர் சொல்லி மருந்தைச் சில வாரங்கள் நிறுத்திவிட்டு என்ன நடக்கிறது என்று பார்ப்பது, தேவைப்பட்டால் அப்போது ரத்தப் பரிசோதனை செய்வது. கட்டாயம் தெரிந்தாக வேண்டிய சிலருக்கு மட்டும் இது. அம்மா மாதிரி "ரெண்டு மாசம் விட்டுத்தான் பார்ப்போமே" என்று நாமாக நிறுத்தக் கூடாது. சுழற்சி முறையில் புரோஜெஸ்டிரோன் மாத்திரையை மட்டும் "இதனாலதானே வருது" என்று விட்டுவிடுவது அதைவிட ஆபத்து. உள்சவ்வைப் பாதுகாப்பதே அதுதான்.

பெரும்பாலான பெண்களுக்கு "இந்த மாசத்தோடு முடிந்தது" என்று தேதி குறித்துச் சொல்ல முடியாது என்பதுதான் நிஜம். டாக்டர் அம்மாவிடம் சொன்னதும் அதுதான்: "உங்களுக்கு எப்போ முடிஞ்சதுன்னு நமக்குத் தெரியப்போறதில்ல. தெரியாட்டியும் பரவாயில்ல. வேற சிலது தெரிஞ்சிருக்கணும்."

தெரிந்திருக்க வேண்டியவை

முதலாவது, கருத்தரிப்பு. மெனோபாஸுக்கான ஹார்மோன் மாத்திரை கருத்தடை மாத்திரை அல்ல. இரண்டும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கும், காயில் வைத்திருப்பவர்களுக்கும் கவலை இல்லை. வேறு எந்தப் பாதுகாப்பும் இல்லாதவர்கள், குறிப்பாக 50-க்குக் கீழே இருப்பவர்கள், எதுவரை கருத்தடை தேவை என்று டாக்டரிடம் வாய்விட்டே கேளுங்க. அந்த வயதில் இதைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரண்டாவது, மருந்து உங்களுக்கு இன்னும் பொருத்தமா என்பது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், கால் நரம்பிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்தவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள் போன்றோருக்கு இந்தச் சிகிச்சை பொதுவாகத் தருவதில்லை. இரண்டு மருந்தும் சேர்ந்த சிகிச்சையை நீண்ட வருடங்கள் எடுத்தால் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு சிறிதளவு கூடும். 60 வயதுக்குள், அல்லது மாதவிலக்கு நின்று 10 வருடத்துக்குள் தொடங்குபவர்களில் பெரும்பாலோருக்கு நன்மையே அதிகம். வருடத்துக்கு ஒரு தடவை டாக்டரிடம் காட்டி, தொடரலாமா என்று கேட்க வேண்டும். பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வருடக்கணக்காக வாங்கிக்கொண்டே இருக்கக் கூடாது.

மூன்றாவது, ரத்தப்போக்கு. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லணும்.

அம்மா மறைத்த இரண்டு மாதம்

53 வயதில் அம்மாவைத் தொடர் முறைக்கு மாற்றினாங்க. முதல் மூன்று மாசம் கறை பட்டது, அப்புறம் நின்றது. ஒன்பது மாசம் ஒன்றுமே இல்லை. வீட்டில் நாப்கின் வாங்குவதையே நிறுத்திட்டோம். திடீர்னு ஒரு நாள் லேசாகக் கறை. அம்மா யாரிடமும் சொல்லவில்லை. "மாத்திரையாலதான் இருக்கும், இதுக்கெல்லாம் போய் ஆஸ்பத்திரில உட்காரணுமா" என்று விட்டுட்டாங்க. துணி துவைக்கும்போது நான் கவனித்துக் கேட்டபோது இரண்டு மாசம் ஆகியிருந்தது. எனக்குக் கோபமும் வந்தது, பயமும் வந்தது. "ஏம்மா சொல்லல?" என்றேன். "உனக்கு வேலை இருக்குமேன்னு பார்த்தேன் கண்ணு" என்றாங்க.

மருந்து எடுக்கும்போது வருவதெல்லாம் மருந்தால்தான் என்று நாம் பழகிவிடுகிறோம். ஆபத்து அந்தப் பழக்கத்தில்தான் இருக்கிறது. மெனோபாஸுக்குப் பிறகு ரத்தப்போக்கு வருகிற பெண்களில் சுமார் பத்தில் ஒருவருக்குக் கர்ப்பப்பை உள்சவ்வுப் புற்றுநோய் காரணமாக இருக்கலாம். மற்ற ஒன்பது பேருக்குச் சாதாரணக் காரணங்கள்தான். சவ்வு மெலிந்துபோனது, சின்னச் சதை வளர்ச்சி, மாத்திரையைச் சில நாள் மறந்தது. ஆனால் நீங்கள் அந்த ஒருவரா, ஒன்பது பேரில் ஒருவரா என்பது பரிசோதித்தால்தான் தெரியும். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் இந்தப் புற்றுநோயைப் பெரும்பாலும் குணப்படுத்த முடியும்.

அம்மாவுக்கு ஸ்கேன் எடுத்து உள்சவ்வின் தடிமனைப் பார்த்தாங்க. பிறகு சிறு துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாங்க. முடிவு வருகிற வரைக்கும் வீட்டில் யாரும் சரியாகப் பேசிக்கொள்ளவே இல்லை. கடைசியில் அது பாலிப் என்கிற சாதாரணச் சதை வளர்ச்சி. எடுத்துட்டாங்க. அம்மா இப்போது நன்றாக இருக்காங்க. எங்களுக்கு நல்லபடியாக முடிந்தது என்பதற்காக, இரண்டு மாசம் மறைத்தது சரி என்று ஆகிவிடாது.

எப்போது தாமதிக்காமல் டாக்டரிடம் போக வேண்டும்?

• தொடர் முறையில், 6 மாதம் தாண்டியும் ரத்தப்போக்கோ கறையோ நிற்காவிட்டால்.
• தொடர் முறையில், முழுசாக நின்ற பிறகு மறுபடி வந்தால்.
• சுழற்சி முறையில், வழக்கமான நாளை விட்டு வேறு நாளில் வந்தால், அல்லது வழக்கத்தைவிட அதிகமாக, அதிக நாள் வந்தால்.
• தாம்பத்திய உறவுக்குப் பின் ரத்தம் வந்தால்.
• எந்த மருந்தும் எடுக்காதவர்களுக்கு, ஒரு வருடம் நின்ற பிறகு ஒரு சொட்டு வந்தாலும்.

இன்னொரு விஷயம். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையும் மார்பகப் பரிசோதனையும் இலவசமாகச் செய்கிறார்கள். கட்டாயம் செய்துகொள்ளுங்க. ஆனால் அது கர்ப்பப்பையின் வாய்ப் பகுதிக்கான பரிசோதனை. உள்சவ்வுக்கானது அல்ல. "போன மாசம்தான் பார்த்தேன், நார்மல்னு சொன்னாங்க" என்று ரத்தப்போக்கை விட்டுவிடக் கூடாது.

உங்கள் கையில் இருக்கும் போனில் இன்றே செய்யக்கூடியது

இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் மறந்துவிடும். அதனால் இப்போதே போனை எடுங்க.

1. மருந்து தொடங்கும் முன் கடைசியாக இயல்பாக மாதவிலக்கு வந்த தேதி, தோராயமாக இருந்தாலும் பரவாயில்லை, குறிப்பில் எழுதி வையுங்க. ஞாபகம் இல்லையென்றால் திருவிழா, கல்யாணம், போட்டோ எதையாவது வைத்துக் கணக்குப் போடுங்க.

2. மருந்துச் சீட்டையும், மாத்திரை அட்டையின் முன்பக்கம் பின்பக்கத்தையும் போட்டோ எடுங்க. மருந்தின் பெயரும் அளவும் தெளிவாகத் தெரியட்டும். ஜெல், பேட்ச், காயில் என்றால் தொடங்கிய தேதியோடு எழுதுங்க.

3. உங்களுக்குச் சுழற்சி முறையா, தொடர் முறையா என்று அடுத்த தடவை டாக்டரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்க. ரத்தப்போக்கு எப்போது வரலாம், எப்போது வரக் கூடாது என்றும் கேளுங்க.

4. ரத்தப்போக்கு வந்த நாட்களைப் போன் காலண்டரில் குறியுங்க. லேசாகவா, அதிகமாகவா என்று ஒரு வார்த்தை போதும். மாத்திரை மறந்த நாளையும் குறியுங்க. இந்தக் குறிப்பைப் பார்த்தாலே டாக்டருக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும்.

5. சந்தேகம் இருந்தால் 104 மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம். இ-சஞ்சீவனி மூலம் வீட்டிலிருந்தே டாக்டரிடம் ஆலோசனை பெறலாம். ஆனால் மேலே சொன்ன ரத்தப்போக்கு இருந்தால் போன் ஆலோசனையோடு நிறுத்தாமல், நேரில் போய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். எங்கே போவது என்று தெரியாவிட்டால், உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேளுங்க. அரசு மருத்துவமனையின் மகப்பேறு மற்றும் மகளிர் நலப் பிரிவுக்கு அனுப்பிவைப்பாங்க. அந்தப் பிரிவு பிரசவத்துக்கு மட்டும் இல்லை, 50 வயதுப் பெண்களுக்கும்தான்.

பின்னாடி நிற்கிற என் வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அம்மா இதை நம்மிடம் தானாகச் சொல்ல மாட்டாங்க. நாமதான் கேட்கணும். "அம்மா, மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறியா? கறை எதுவும் படுதா?" என்று மாசத்துக்கு ஒரு தடவை கேட்பதற்கு இரண்டு நிமிஷம்கூட ஆகாது. மகன்களும் கேட்கலாம், தப்பே இல்லை.

எங்கம்மாவுக்கு இப்போது 54. மெனோபாஸ் என்றைக்கு முடிந்தது என்று அவங்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. ஆனால் அம்மாவின் போனில் மருந்துச் சீட்டின் போட்டோ இருக்கிறது, தேதிகள் இருக்கின்றன, எந்த ரத்தப்போக்குக்கு உடனே கிளம்பணும் என்பதும் அவங்களுக்குத் தெரியும். போன வாரம் பெரியம்மாவின் போனிலும் அம்மாவே உட்கார்ந்து இதையெல்லாம் எழுதிக் கொடுத்தாங்க.

நீங்களும் இன்று வீட்டுக்குப் போனதும் ஒருத்தருக்காவது எழுதிக் கொடுங்க. 

(இக்கட்டுரை பொதுவான விழிப்புணர்வுக்கானது. மருந்தைத் தொடங்கவோ, மாற்றவோ, நிறுத்தவோ உங்கள் மருத்துவரின் ஆலோசனையைப் பெறவும்.)